துணியிலிருந்து அட்டைக்கு

இரண்டு பொருள்களைக் குறித்து நாம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடை கிடைக்குமானால், அவ்விரண்டும் ஒரே பொருள்தானா? தத்துவவாதிகள் நெடுங்காலமாகப் புரட்டிப் பார்த்துவரும் இவ்வினாவைக் கணிதவியலாளர்கள் சற்றே கறாராகக் கேட்பார்கள். எந்தப் பொருள்கள், எந்தக் கேள்விகள், ‘ஒன்று’ என்பதன் பொருள் என்ன என்று மூன்றையும் வரையறுத்துக்கொண்ட பிறகே வாயைத் திறப்பார்கள். ஜப்பானின் மிக்கியா மசுதாவும் தென்கொரியாவின் டோங் யூப் சுவும் 2008இல் வெளியான கட்டுரை ஒன்றில் அவ்வாறு ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். இரண்டு டோரிக் பன்மடிகளின் கோஹோமாலஜி வளையங்கள் ஒன்றேயானால், அப்பன்மடிகளும் ஒன்றுதானா?

சொற்களைக் கண்டு இலக்கிய வாசகர்கள் மிரள வேண்டாம். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம். அதற்கு முன், பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவருக்கு இந்தக் கேள்வி எப்படி வீட்டு விவகாரமாயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்குச் சந்தவாசல். வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது. ஆடி வெள்ளிகளில் படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்கச் செல்வோர் எங்கள் ஊரில்தான் திரும்புவார்கள். மேற்கே சவ்வாது மலை. சேலை வணிகத்தில் எங்கள் வட்டாரம் முழுவதற்கும் ஒரே பெயர்தான், ஆரணி. புவிசார் குறியீடும் அப்பெயருக்கே உண்டு. எங்களில் மூத்தவன் தறியில் அமர்ந்தான். இளையவன் கணிதம் படிக்கச் சென்னைக்குப் போனான். இந்தக் கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். கணிதம் இளையவனுடையது, நெசவு மூத்தவனுடையது, சண்டைகள் பொது.

ஜக்கார்டு தறியை அறியாதவர்களுக்காக ஒரு சொல். தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி. அதில் துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டுச் சுழலும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே செல்லும். அதற்குரிய கொக்கி தூக்கப்படும். பாவின் அந்த இழை எழும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். எழுந்த இழைகளுக்கும் கிடந்த இழைகளுக்கும் நடுவே நாடா ஊடையை இழுத்துக்கொண்டு பாயும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. பிரான்சில் ஜோசப் மரீ ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய இந்த ஏற்பாட்டில் சேலையின் மாங்காயும் மயிலும் சேலையில் பிறப்பதில்லை. அட்டையில்தான் பிறக்கின்றன. அட்டை இருந்தால் துணி வரும்.

எங்கள் தந்தையார் காலத்து அட்டைக் கட்டுகள் சில எங்களிடம் உண்டு. அவற்றுள் ஒரு கரை வடிவத்தை வியாபாரி ஒருவர் விலைக்குக் கேட்டார். விசைத்தறியில் ஓட்டத்தான் கேட்கிறார் என்பது தெரிந்ததால் அப்பா கொடுக்கவில்லை. ஓராண்டு கழிந்தது. அதே கரை, அதே மாங்காய், அதே இடைவெளி, கடைகளில் பாதி விலைக்கு வந்து இறங்கியது. அட்டை எங்கள் பரணைவிட்டு நகரவில்லை. நாங்கள் நெய்து விற்ற சேலை ஒன்றையே வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, இழை இழையாக எண்ணிக் கட்டத்தாளில் புள்ளி வைத்து, அதிலிருந்து புதிய அட்டை அடித்துவிட்டார்கள். இதில் மாயம் ஏதுமில்லை. வடிவம் வரைவோர் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். இப்போது கணினி அதை இன்னும் விரைவாகச் செய்கிறது. அட்டையிலிருந்து துணிக்குப் போகும் பாதையை மட்டுமே அப்பா காவல் காத்தார். துணியிலிருந்து அட்டைக்குத் திரும்பும் பாதை திறந்தே கிடந்தது.

அந்த விடுமுறையில் ஊருக்கு வந்த இளையவன் இதைக் கேட்டதும் சொன்ன முதல் வாக்கியம், “நான் படிக்கிறதும் இதான்பா.” அப்பாவுக்குச் சினம் வந்தது. வீட்டில் கஞ்சிக்கு வழி அடைபடும்போது மகன் பாடம் நடத்துகிறான் என்றால் வராதா?

ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை. டோரிக் பன்மடி என்பது ஏறக்குறைய ஜக்கார்டு துணிதான். பன்மடி என்றால் எங்கே நின்று பார்த்தாலும் அக்கம்பக்கம் சமவெளியாகத் தோன்றும் ஒரு வெளி. பூமியின் மேற்பரப்பு இரு பரிமாணப் பன்மடி. டோரஸ் என்பது வளையல் அல்லது உளுந்துவடையின் மேற்பரப்பு. ஒரு துண்டுத் துணியின் எதிரெதிர் விளிம்புகளை ஒட்டினால் கிடைப்பது. தன்மேல் தக்க அளவுள்ள ஒரு டோரஸ் சுழன்றுகொண்டே இருக்கக்கூடிய, சமச்சீர் மிகுந்த பன்மடிகளையே டோரிக் என்கிறோம். இவை 1970இல் மிஷேல் டெமஸூரின் ஆய்வில் தெளிவான உருப்பெற்றன. இவற்றின் சிறப்பு என்னவென்றால், எத்தனை பரிமாணத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றையும் ஒரு சிறிய சித்திரத்தில் அடக்கிவிடலாம். விசிறிபோல் விரியும் சில அம்புகள், ஒவ்வொன்றுக்கும் முழுவெண் முகவரி. எந்தெந்த அம்புகள் சேர்ந்து நிற்கலாம் என்ற ஒரு பட்டியல். அவ்வளவே. அந்த விசிறிதான் அட்டை. விசிறியைக் கொடுத்தால் பன்மடி முழுவதும் வந்துவிடும்.

இனி வளையம். ஒரு வெளியில் எத்தனை விதமான ஓட்டைகள், எந்தெந்தப் பரிமாணத்தில் என்று எண்ணிச் சொல்வது கோஹோமாலஜி. எண்ணிக்கை மட்டுமே போதாது என்பதை இருபதாம் நூற்றாண்டு கற்றுக்கொண்டது. அந்த ஓட்டைகளைக் குறிக்கும் உறுப்புகளை ஒன்றோடொன்று பெருக்கவும் முடியும். அப்பெருக்கல், பன்மடிக்குள் கிடக்கும் சிறு பரப்புகள் ஒன்றையொன்று எத்தனை முறை வெட்டிக்கொள்கின்றன என்பதைச் சொல்லும். கூட்டலும் பெருக்கலும் கூடிய அமைப்பை இயற்கணிதத்தில் வளையம் என்பார்கள். நெசவில் சொன்னால், சேலையில் எத்தனை பாவிழை, எத்தனை ஊடை என்பது எண்ணிக்கை. எந்த இழை எந்த இழையைக் கடக்கிறது என்பது பெருக்கல். இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் நூல்கண்டு.

டோரிக் பன்மடிகளுக்கு இந்த வளையத்தை விசிறியிலிருந்து நேரே எழுதிவிடலாம் என்பது யுர்கீவிச், டானிலாவ் ஆகியோர் காட்டிய வழி. ஓர் அம்புக்கு ஓர் எழுத்து. சேர்ந்து நிற்காத அம்புகளின் எழுத்துகளைப் பெருக்கினால் சுழியம். அம்புகளின் முகவரிகளிலிருந்து சில நேரியல் சமன்பாடுகள். முடிந்தது. பள்ளி இயற்கணிதம் மறக்காதவர்கள் எவரும் செய்து பார்க்கலாம். செய்தும் பார்ப்போம், ஏனெனில் இந்தக் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபிரீட்ரிக் ஹிர்ட்ஸேப்ரூஹ் 1951இல் ஒரு வரிசைப் பன்மடிகளை ஆராய்ந்தார். ஒரு கோளம், அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் இன்னொரு கோளம். மேலே உள்ள கோளங்களை எத்தனை முறுக்குப் போட்டு அடுக்குவது என்பதை ஒரு முழுவெண் சொல்லும். அதை அ என்று வைத்துக்கொள்வோம். முறுக்கே இல்லையென்றால் அ சுழியம். விசிறியில் நான்கு அம்புகள். மேற்சொன்ன விதிகளைப் போட்டால் நான்கு எழுத்துகள் இரண்டாகச் சுருங்கும். அவற்றை க, ச என்போம். மிஞ்சும் விதிகள் இவை: க-வின் வர்க்கம் சுழியம். க-வையும் ச-வையும் பெருக்கினால் ஒன்று. ச-வின் வர்க்கம், கழித்தல் அ. வளையத்தின் சாரம் முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

இப்போது ம மடங்கு க-வையும் ந மடங்கு ச-வையும் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். கிடைப்பது: ம, ந இரண்டின் பெருக்கலைப் போல் இருமடங்கு, அதிலிருந்து ந-வின் வர்க்கத்தை அ-வால் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். அ இரட்டைப்படையானால் விடை எப்போதும் இரட்டைப்படை. அ ஒற்றைப்படையானால் ஏதேனும் ஒரு வர்க்கம் ஒற்றைப்படையாக வந்தே தீரும். ஆகவே முறுக்கற்ற பன்மடியையும் ஒரு முறுக்குப் போட்ட பன்மடியையும் ஓட்டை எண்ணிக்கை பிரித்தறியாது. இரண்டுக்கும் அது ஒரே விடையைத்தான் சொல்லும். பெருக்கல் பிரித்துவிடும். அதேசமயம் முறுக்கற்றதையும் இரண்டு முறுக்குப் போட்டதையும் வளையத்தால் பிரிக்க முடியாது: ச-வுக்குப் பதிலாக ச-வோடு க-வைக் கூட்டி எடுத்துக்கொண்டால் இரண்டாம் வளையம் முதலாவதாகவே மாறிவிடும்.

அப்படியானால் வளையம் இங்கே தோற்றுவிட்டதா? இல்லை என்பதுதான் அழகு. இடவியல் கண்ணுக்கு அந்த இரண்டு பன்மடிகளும் உண்மையிலேயே ஒன்றுதான். ஒன்றை நெளித்து வளைத்து, கிழிக்காமல், மற்றொன்றாக்கிவிடலாம். நம்ப மறுப்பவர்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு முனையைக் கொடிக்கம்பியில் கட்டுங்கள். மறுமுனையை ஒரு முழுச் சுற்று முறுக்குங்கள். இனி முனையைத் திருப்பாமல், கையை மட்டும் துண்டைச் சுற்றி எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் முறுக்கை எடுக்கப் பாருங்கள். எடுக்க முடியாது. ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று முறுக்குங்கள். இப்போது எடுத்துவிடலாம்! முப்பரிமாணச் சுழற்சிகளுக்கு உள்ள இந்த விசித்திரமே முறுக்குகளில் ஒற்றை இரட்டை மட்டும் மிஞ்சக் காரணம். எங்கள் வீட்டுத் திண்ணையில் இதை அப்பாவின் துண்டைக்கொண்டே செய்து காட்டினோம். அவர் நான்கைந்து முறை தாமே செய்து பார்த்தார். பின் கேட்டார்: “அப்போ கணக்கு வாத்தியாருங்களும் ரெண்டு சேலைய வெச்சிக்கினு ஒண்ணா வேறயான்னுதான் பாக்கறாங்களா?” ஆமாம்பா என்றோம். அதற்கு மேல் சினம் நிற்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சுழியமும் இரண்டும் வெவ்வேறு விசிறிகள், அதாவது வெவ்வேறு அட்டைகள். இயற்கணித வடிவியலாளர் பார்வையில் அவை வெவ்வேறு பொருள்களே. அவர்களுக்கு ஒவ்வொரு முறுக்கு எண்ணும் ஒரு தனிப் பன்மடி. இடவியலாளர் பார்வையில் அவை ஒன்று. இரு அட்டைகள் ஒரே துணியை நெய்யலாம். மசுதாவும் சுவும் கேட்டது இந்த இரண்டாவது பார்வையில்தான். அட்டையை மறந்துவிடுங்கள். துணி ஒன்றுதானா என்பதை வளையம் சொல்லிவிடுமா?

பொதுவாகச் சொல்லாது என்பதே இடவியலின் கசப்பான அனுபவம். பன்மடி உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கோஹோமாலஜி ஏமாறும் இடங்கள் ஏராளம். 1904இல் போன்கரே ஒரு முப்பரிமாண வெளியைக் கட்டினார். கோஹோமாலஜி அதைக் கோளம் என்றே சொன்னது, அது கோளமில்லை. நம்மவர் ஒருவர் செய்தது இதைவிடவும் நுட்பமானது. சென்னையில் 1938இல் பிறந்த சி.பி. ராமானுஜம் (கும்பகோணத்து ராமானுஜன் வேறு, இவர் வேறு) பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் 1971இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கலப்பெண் பரப்பு வருகிறது. அதில் ஓட்டை என்பதே இல்லை. ஒரு புள்ளிக்குள் சுருட்டிவிடலாம். கோஹோமாலஜி முற்றிலும் வெறுமை. இத்தனை சாதாரணமானது சமதளமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. முடிவிலியின் பக்கத்தில் அதன் நடத்தை வேறு. எவ்வளவு தொலைவு போனாலும் அவிழாத ஒரு முடிச்சு அங்கே இருக்கிறது. அந்த முடிச்சும் இல்லையென்றால் மட்டுமே அது சமதளம் என்று அதே கட்டுரையில் நிறுவினார். மூன்று ஆண்டுகளில், 1974இல், முப்பத்தாறு வயதில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். மனநோய் அவரை நெடுநாள் வருத்தியது. அவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல் வர வேண்டும் என்பது எங்கள் நீண்டநாள் ஆசை.

இந்த வகைக் கணிதத்துக்கும் எங்கள் பக்கத்து மண்ணுக்கும் உள்ள உறவு தற்செயலானதுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எம்.எஸ். நரசிம்மன் 1932 ஜூன் 7 அன்று அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர் சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு ஏசுசபைத் துறவி சார்ல்ஸ் ரசீனிடம் பயின்றார்கள். இருவரும் 1953இல் பம்பாய் சென்று டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் இருவர் பெயராலும் வழங்கும் தேற்றம் வெளியாயிற்று. பட்டு நெய்யும் இரண்டு நிலங்களிலிருந்து போன இருவர், ஒரு வளைபரப்பின் மேல் இழைகளை அடுக்கும் வழிகளை வகைப்படுத்தினார்கள் என்று சொன்னால் கணிதம் படித்தவர்கள் எங்களை அடிக்க வரலாம். வெக்டர் கற்றைகளை இழைகள் என்று சொல்லும் வழக்கத்தை நாங்கள் உண்டாக்கவில்லை.

1975இல் நரசிம்மன், குன்டர் ஹார்டர் என்னும் ஜெர்மானியரோடு சேர்ந்து, அப்படி வகைப்படுத்திக் கிடைத்த வெளியின் கோஹோமாலஜியைக் கணக்கிட்டார். வழி விந்தையானது. வெளியை நேரே பார்க்காமல், முடிவுறு எண் களங்களில் அதற்கு எத்தனை புள்ளிகள் என்று எண்ணினார்கள். எண்ணிக்கையிலிருந்து ஓட்டைகளைப் படிக்கலாம் என்னும் வெய்லின் யூகத்தை தெலீன் அப்போதுதான் முழுமையாக நிறுவியிருந்தார். இழை எண்ணித் துணியை அறிவது என்றால் இதுவும்தான். சேஷாத்ரி 2020 ஜூலையிலும் நரசிம்மன் 2021 மே மாதத்திலும் மறைந்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் நரசிம்மன் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

டோரிக் பன்மடிகளுக்கே திரும்புவோம். சென்னைக் கணிதவியலாளர்கள் பரமேஸ்வரன் சங்கரன், வி. உமா இருவரும் 2003இல் ‘டோரிக் கற்றைகளின் கோஹோமாலஜி’ என்னும் பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏதேனும் ஒரு வெளியை அடித்தளமாக வைத்து, அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு டோரிக் பன்மடியை நிறுத்தினால், முழுக் கட்டடத்தின் வளையம் என்ன என்பது கேள்வி. அடித்தளத்தின் வளையத்தையும் முறுக்குகளையும் விசிறியையும் கொண்டு அதை எழுதிக் காட்டினார்கள். ஹிர்ட்ஸேப்ரூஹ் பரப்பு இதன் மிக எளிய உதாரணம். கோளத்தின் மேல் கோளம், அதன் மேல் மறுபடி கோளம் என்று மாடி மாடியாக ஏற்றிக்கொண்டே போனால் பாட் கோபுரம் கிடைக்கும். ஒவ்வொரு மாடிக்கும் அதன் கீழுள்ள எல்லா மாடிகளையும் சார்ந்த முறுக்கு எண்கள்.

மசுதா, சு கேள்வி முதலில் இந்தக் கோபுரங்களில்தான் சோதிக்கப்பட்டது. முறுக்கே இல்லாத கோபுரத்தின் வளையம் ஒன்றுக்கு இருக்குமானால் அது முறுக்கற்ற கோபுரமேதான் என்று மசுதாவும் பனோவும் காட்டினார்கள். பிறகு சோய் சுயோங், எட்டுப் பரிமாணம் வரை. பிறகு 2022இல் அவரும் ஹ்வாங், ஜாங் இருவரும் சேர்ந்து எல்லாப் பரிமாணத்துக்குமான நிறுவலை வெளியிட்டார்கள். அவர்கள் காட்டியது கேட்டதைவிடவும் வலிமையானது: இரண்டு கோபுரங்களின் வளையங்களைப் பொருத்தும் எந்தப் பொருத்தமும் கோபுரங்களையே பொருத்தும் ஒரு நெளிப்பிலிருந்து வந்ததாக இருக்கும். காகிதத்தில் ச-வுக்குப் பதில் ச-வோடு க-வைக் கூட்டி எழுதினோமே, அந்த எழுத்து விளையாட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு துண்டு உண்மையிலேயே அவிழ்கிறது என்று பொருள்.

ஆனால் இதே கேள்வியைச் சற்று மாற்றிக் கலப்பெண்களை விட்டு மெய்யெண்களில் கேட்டால், அதற்குரிய வளையம் ஏமாந்துவிடுகிறது. வளையம் ஒன்றாக, வெளி வேறாக இருக்கும் உதாரணங்களை மசுதாவே 2010இல் கண்டுபிடித்தார். தாம் எழுப்பிய யூகத்தின் பக்கத்து வீட்டைத் தாமே இடித்த அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கலப்பெண் வீட்டில், எல்லா டோரிக் பன்மடிகளுக்குமான விடை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

இதையெல்லாம் தறிமேடையில் பேசிக்கொண்டிருந்தபோது மூத்தவன் கேட்டது வேறு. “எல்லாம் சரிடா. நெய்த கை எதுன்னு அந்த வளையம் சொல்லுமா?”

கேள்வியின் பின்னணி இதுதான். எங்கள் உறவுப் பெண் ஒருத்தியின் திருமணத்துக்கு ஒரு கடையில் முகூர்த்தச் சேலை எடுத்தார்கள். பட்டு முத்திரை இருந்தது. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த அந்த முத்திரை நல்ல ஏற்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: நூல் கலப்பற்ற பட்டு. ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும் என்பதைத்தான் அது காகிதத்தில் சொல்கிறது. கைத்தறியா விசைத்தறியா என்பது அதன் வேலையில்லை. அதற்காக 2006இல் கைத்தறி முத்திரை தனியே வந்தது. கேட்டு வாங்குவோர் சிலரே. சேலை முதலான சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது; கடைத்தெருவில் அதன் குரல் மெலிது. அந்தச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி, கைத்தறி விலைக்கே விற்றிருந்தார்கள். அப்பா விளிம்பைத் தடவிப் பார்த்தார். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இருக்கத் துணியின் குறுக்கே ஒரு குச்சியை மாட்டுவோம். அதன் ஊசிமுனைகள் இரு விளிம்புகளிலும் சிறு துளைகளை விட்டுச் செல்லும். அந்தச் சேலையில் துளையில்லை. உடலும் கரையும் சேருமிடத்தில் மூன்று நாடாக்களால் கோத்து நெய்யும் கோர்வையும் இல்லை. “பட்டு நெசந்தான். கைதான் இல்ல” என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

பட்டு முத்திரை ஒரு மாறிலி. அது பொய் சொல்லவில்லை; தான் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. மூத்தவன் கேட்ட கேள்விக்குக் கணிதத்தில் விடை இருக்கிறது என்று இளையவன் சொன்னதை நாங்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை. சொல்லும்போதுதான் அவனுக்கே அது உறைத்தது. மசுதா 2008இல் வேறொரு தேற்றத்தையும் நிறுவினார். டோரிக் பன்மடியின் மேல் டோரஸ் சுழல்கிறது அல்லவா? அந்தச் சுழற்சியையும் நினைவில் வைத்துக்கொண்டு கணக்கிடும் கோஹோமாலஜி ஒன்று உண்டு. சுழற்சியின் சுவடு அதன் ஒவ்வொரு உறுப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த விரிந்த கோஹோமாலஜியை, அச்சுவட்டோடு சேர்த்துக் கொடுத்தால், பன்மடியை இயற்கணித வடிவியலாளரின் கறாரான கண்ணுக்கேற்பவும் முழுதாக மீட்டுவிடலாம். சுழியமும் இரண்டும் அங்கே ஒன்றாவதில்லை. துணி மட்டுமின்றி அட்டையும் திரும்பக் கிடைக்கிறது. சாதாரண வளையம் என்பது இந்தப் பெரிய வளையத்திலிருந்து சுழற்சியின் நினைவை அழித்த பிறகு மிஞ்சுவது. ஆகவே மசுதா, சு கேள்வியை இப்படியும் படிக்கலாம்: செய்த கையின் நினைவை முற்றாக அழித்த பின்னும் மிஞ்சிய பொருள், தான் யார் என்பதைச் சொல்லுமா? பாட் கோபுரங்கள் சொல்லும். மற்றவை தெரியாது.

மூத்தவனுக்கு இந்த விளக்கத்தில் பாதிதான் உடன்பாடு. விளிம்புத் துளையை இப்போது விசைத்தறிக்காரர்களும் போடத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்கிறான். நியாயமான கேள்வி. தேற்றத்தில் சுவட்டைப் போலியாக ஒட்ட முடியாது, சந்தையில் முடியும். இந்த இடத்தில் ஒப்புமை நின்றுவிடுகிறது. அதை மேலும் இழுப்பது நேர்மையில்லை.

வீட்டில் இப்போது ஒரு தறிதான் ஓடுகிறது. அட்டை கேட்டு அதன் பிறகு யாரும் வரவில்லை. கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அண்மையில் ஒரு மாலை, கரைக்குப் புள்ளி வைக்கும் கட்டத்தாளின் ஓரத்தில் மூத்தவன் க, ச என்று எழுதி ஏதோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று முறுக்குள்ள பரப்பை எடுத்திருந்தான். ச-வின் வர்க்கம் கழித்தல் மூன்று. ச-வோடு ஒரு க-வைக் கூட்டினால், இரண்டு திரும்பக் கிடைத்து, கழித்தல் ஒன்று. மூன்று முறுக்கு ஒரு முறுக்காயிற்று. இன்னொரு க-வைக் கூட்டினான். ஒன்று வந்தது. அரை க-வைக் கூட்ட முடிந்தால் சுழியத்தைப் பிடித்துவிடலாமே என்று கேட்டான். முழுவெண்தான் போடலாம், பாதி இழை கிடையாது என்றான் இளையவன். அவன் சிரித்துவிட்டு, பாதி இழையில் எவன் நெய்யறான் என்று தாளை மடித்துப் பாவுக்கட்டையின் மேல் வைத்தான்.